அம்பாசிடருக்கு டர்போ டீசல்: இன்ஜினோடு இன்னும் எதெல்லாம் மாற வேண்டும்?

பழைய அம்பாசிடரின் பானட்டைத் திறந்தால் உள்ளே இன்னோவா இன்ஜின் உட்கார்ந்திருக்கும் வீடியோக்கள் இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன. அதே நேரத்தில் டெல்லியில் 10 வயதைத் தாண்டிய டீசல் கார்களுக்குத் தடை, 50 வயதைத் தாண்டிய கார்களுக்கு 'விண்டேஜ்' பதிவு என்று செய்திகளும் வந்துகொண்டே இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு. பழைய பெட்ரோல் காரில் டீசல் இன்ஜினை மாட்டலாமா? மாட்டினால் ஓடுமா? ஓடினால் ஆர்.சி. புத்தகம் என்ன ஆகும்?

ஓடும். ஆனால் இன்ஜினை உள்ளே இறக்குவது மொத்த வேலையில் பாதிகூட இல்லை. இன்ஜினுக்குப் பின்னால் காரையே மாற்ற வேண்டியிருக்கும். காருக்குப் பின்னால் காகிதங்களை மாற்ற வேண்டியிருக்கும். பெரும்பாலான மாற்றங்கள் இந்த இரண்டாவது, மூன்றாவது கட்டங்களில்தான் சிக்கி நிற்கின்றன.

## டீசல் அம்பாசிடர் புதிய ஆசை அல்ல

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் உருவாக்கிய கார் அம்பாசிடர். 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. நீண்ட காலம் இதன் மூச்சாக இருந்தது 1489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் இன்ஜின்.

1980ல் அதே கொள்ளளவுள்ள பி.எம்.சி. டீசல் இன்ஜினை நிறுவனமே வைத்துக் கொடுத்தது. இந்தியாவில் விற்பனைக்கு வந்த முதல் டீசல் கார் அதுதான். 40 குதிரைத்திறனைக்கூடத் தொடாத அந்த இன்ஜின், ஏற்றத்தில் ஆளை இறக்கிவிட்டுத்தான் ஏறும் என்று கிண்டல் செய்யும் அளவுக்கு மந்தம். ஆனாலும் டாக்ஸிக்காரர்கள் விடவில்லை. 1990களில் 1.8 லிட்டர் இசுசு பெட்ரோலும் பிறகு 2 லிட்டர் இசுசு டீசலும் வந்தன. இதே நிறுவனத்தின் காண்டெசாவில் இந்த 2 லிட்டர் டீசலுக்கு டர்போ வைத்த வகையும் விற்றது.

இந்தப் பின்னணியைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'அம்பாசிடரில் டீசலா, அபசாரம்' என்பவர்களுக்கு வரலாறு துணை நிற்காது. அதே சமயம், தொழிற்சாலை டீசல் வைத்தபோது இன்ஜினை மட்டும் வைக்கவில்லை. ஸ்டார்ட்டர், பேட்டரி, எரிபொருள் குழாய் என எல்லாவற்றையும் டீசலுக்கு ஏற்பக் கொடுத்தது. பட்டறையில் செய்யும்போது அந்தப் பட்டியல் முழுக்க நம் தலையில் விழுகிறது.

## அடிப்படை: டீசல் எங்கே வேறுபடுகிறது, டர்போ என்ன செய்கிறது

பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்து சிலிண்டருக்குள் போகும். ஸ்பார்க் பிளக் தீ வைக்கும். டீசலில் காற்று மட்டும் உள்ளே போகிறது. பிஸ்டன் அதை மிகக் கடுமையாக அமுக்கும்போது காற்று, தண்ணீர் கொதிக்கும் சூட்டைப்போலப் பல மடங்கு சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் வழியாக டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பழைய பெட்ரோல் இன்ஜின் காற்றை 7 அல்லது 8ல் ஒரு பங்காக அமுக்கும். அக்கால டீசல் இன்ஜினோ 20ல் ஒரு பங்கு வரைக்கும் அமுக்கும். இதைத்தான் அமுக்க விகிதம் என்கிறார்கள். இவ்வளவு அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதால்தான் டீசல் இன்ஜினின் பிளாக் கனமாக இருக்கிறது, ஸ்டார்ட்டர் பெரிதாக இருக்கிறது, ஐடிலில் வண்டி குலுங்குகிறது. வரப்போகும் தொல்லைகளில் பாதி இந்த ஒரே எண்ணிலிருந்து கிளம்புபவை.

இன்னொரு வேறுபாடு வெளியே தெரியாது. பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டர், காற்று போகும் வழியை அடைக்கிறது அல்லது திறக்கிறது. டீசலில் காற்றுக்குத் தடையே இல்லை. பம்ப் அனுப்பும் டீசலின் அளவு மட்டும் கூடும், குறையும். இது பிரேக் வரைக்கும் வந்து காலை வாரும் விஷயம். பிறகு பார்க்கலாம்.

டர்போ என்பது ஒரே தண்டில் இரண்டு சக்கரங்கள். சைலன்சர் பக்கம் வெளியேறும் சூடான புகை ஒன்றைச் சுழற்றுகிறது; மற்றொன்று காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தத் தண்டு, இன்ஜின் ஆயிலின் மெல்லிய படலத்தின் மீதுதான் மிதக்கிறது. உள்ளே காற்று அதிகம், எனவே எரிக்கக்கூடிய டீசலும் அதிகம். அதே அளவு இன்ஜினில் இழுவை கூடுகிறது. அழுத்தினால் காற்று சூடாகி அடர்த்தி குறையும் என்பதால் அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் என்ற சிறிய ரேடியேட்டரும் வரும்.

## எந்த இன்ஜின் பொருந்தும்?

அம்பாசிடர் பின்சக்கரம் இழுக்கும் வண்டி. இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும். பின்னால் கியர் பாக்ஸ், அதற்குப் பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்ட், கடைசியில் பின் ஆக்சில். எனவே நல்ல பேர் எடுத்த டீசல் எல்லாம் இதற்கு ஆகாது. ஸ்விஃப்ட்டில் வந்த 1.3 லிட்டர் ஃபியட் மல்டிஜெட் சிறியது, சிக்கனமானது, எடையும் குறைவு. ஆனால் அது குறுக்குவாக்கில் உட்கார்ந்து முன்சக்கரத்தை இழுக்கும் அமைப்பு. அதைத் திருப்பி வைக்க வேறு கியர் பாக்ஸும் அதற்கேற்ற அடாப்டர் தகடும் வேண்டும். அந்த வேலைக்கு லேத் பட்டறையில் ஆகும் செலவில் இன்னொரு இன்ஜினே வாங்கிவிடலாம்.

அதனால் பேச்சு பெரும்பாலும் பின்சக்கர டீசல் வண்டிகளைச் சுற்றியே போகிறது: டவேராவின் 2.5 லிட்டர் இசுசு டர்போ டீசல், இன்னோவாவின் 2.5 லிட்டர் 2கேடி, பொலேரோவின் மஹிந்திரா இன்ஜின். இவற்றை அவற்றின் சொந்த கியர் பாக்ஸோடு சேர்த்தே எடுக்க முடியும் என்பது பெரிய வசதி.

இவற்றுக்குள் ஒரு கோடு கிழித்துக்கொள்வது நல்லது. அந்தக் கோட்டின் ஒரு பக்கம் மெக்கானிக்கல் பம்ப், மறுபக்கம் காமன் ரெயில்.

மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசலுக்கு ஓடுவதற்குத் தேவையான வயர் கிட்டத்தட்ட ஒன்றே ஒன்றுதான். பம்பின் மேல் விரல் தடிமனில் ஒரு சாலிநாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) இருக்கும். அதற்கு 12 வோல்ட் கொடுத்தால் டீசல் போகும், எடுத்துவிட்டால் இன்ஜின் நிற்கும். குளிர் ஸ்டார்ட்டுக்கு ஹீட்டர் பிளக் வயர் தனி. அவ்வளவே. அம்பாசிடரின் பழைய வயரிங்கோடு இது சண்டை போடாது.

காமன் ரெயிலில் எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் மிக உயர்ந்த அழுத்தத்தில் காத்திருக்கும். எப்போது, எவ்வளவு பீச்ச வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். புகையும் சத்தமும் குறைவு, இழுவை அதிகம். ஆனால் கூடவே ஈ.சி.யூ. எனப்படும் அந்தக் கம்ப்யூட்டர், கிராங்க் சென்சார், காற்றளவு சென்சார், ஆக்சிலரேட்டர் பெடலுக்குள் இருக்கும் சென்சார், சில வண்டிகளில் சாவியை அடையாளம் பார்க்கும் இம்மொபிலைசர் எல்லாம் வந்தாக வேண்டும். ஏதாவது ஒரு வயரை அறுத்துவிட்டுக் கழற்றிய இன்ஜினை வாங்கினால், இரும்பு விலைக்கு மேல் கொடுத்த பணம் வீண். சென்னைப் புதுப்பேட்டையில் இன்ஜின் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினை அல்ல. அதோடு வரும் வயரிங் கட்டு முழுசாக இருக்கிறதா என்பதை.

## இழுவை போகும் பாதை

முறுக்குவிசை என்று புத்தகமும், 'இழுவை' என்று பட்டறையும் சொல்வது ஒன்றையே. அம்பாசிடரின் 1.5 லிட்டர் பெட்ரோல் தருவது ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். இன்னோவாவின் 2கேடி 102 குதிரைத்திறனோடு 200 நியூட்டன் மீட்டர் தருகிறது. அதையும் நிமிடத்துக்கு 1400 சுற்றிலேயே தரத் தொடங்கிவிடும். குதிரைத்திறனைப் பார்த்து மயங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய எண் இந்த 200தான். பாகங்களை உடைப்பது அதுவே.

அது இன்ஜினிலிருந்து சாலைக்குப் போகும் வழியில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கிளட்ச், கியர் பாக்ஸ். பழைய கியர் பாக்ஸை வைத்துக்கொண்டு புதிய இன்ஜினை மட்டும் சேர்க்க நினைப்பது பொய்ச் சிக்கனம். இன்ஜினோடு கியர் பாக்ஸை இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகள் பொருந்தாது. பொருத்தினாலும் உள்ளே இருக்கும் பற்கள் இந்த இழுவைக்கு வெட்டியவை அல்ல. இன்ஜினோடு பிறந்த ஐந்து கியர் பெட்டியையே கொண்டுவர வேண்டும். அதன் கியர் கம்பி தரையிலிருந்து முளைக்கும். பழைய அம்பாசிடரில் கியர் கம்பி ஸ்டியரிங் தண்டில்தான் இருக்கும். முன்னால் பெஞ்ச் சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். தரையை வெட்டிக் கியர் கம்பியை மேலே எடுத்ததும் நடுவில் உட்கார்ந்தவரின் முழங்காலுக்கு இடம் போய்விடும். 'நாலு பேர் காரில் எட்டுப் பேர்' என்ற அம்பாசிடர் பெருமையில் ஒரு தலை குறைகிறது.

2. புரொப்பல்லர் ஷாஃப்ட். புதிய கியர் பாக்ஸின் நீளம் வேறு என்பதால் ஷாஃப்டை வெட்டி ஒட்ட வேண்டும். ஒட்டியபின் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டினால் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் தரை அதிரும். இரண்டு முனைகளிலும் உள்ள கிராஸ்கள் (வளைந்து சுழலும் இணைப்புகள்) ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். இன்ஜின் மவுண்டிங்கை வசதிக்காக ஒரு அங்குலம் உயர்த்தி வைத்தவர்கள், மாதத்துக்கு ஒரு கிராஸ் மாற்றிக்கொண்டிருப்பது இந்தக் கோணத்தால்.

3. பின் ஆக்சில். முதல் கியரில் 4 மடங்கு, ஆக்சிலின் நடுவில் உள்ள கிரவுன் பினியன் பற்சக்கரங்களில் 4.5 மடங்கு என்று வைத்துக்கொண்டால் 200 நியூட்டன் மீட்டர் ஆக்சிலுக்கு வரும்போது 3600 ஆகிவிடும். பழைய இன்ஜினில் அதே கணக்கு 1800. ஆக்சில் ஷாஃப்ட் முறிவதும் பினியன் பல் உதிர்வதும் முழு ஆள் ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் கிளட்ச்சைத் தடாலென்று விடும் அந்த ஒரு நொடியில்தான்.

4. லீஃப் ஸ்பிரிங். அம்பாசிடரின் பின் ஆக்சிலைப் பிடித்திருப்பது பட்டைகள் மட்டுமே. இழுவை திடீரென்று வரும்போது ஆக்சில் உருண்டுகொள்ளப் பார்க்கும். பட்டை எஸ் எழுத்துப் போல வளைந்து திரும்பும். வண்டி கிளம்பும்போது பின்னால் 'டக டக' என்று குதிப்பது இதனால். ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் குதிப்பது அடங்கும், ஆனால் அம்பாசிடரின் மெத்தை ஓட்டம் போய்விடும். ஆக்சிலிலிருந்து பாடிக்கு ஒரு தாங்கு கம்பி கொடுப்பதே மேல்.

கியர் விகிதத்தையும் இதே இடத்தில் முடிவு செய்தாக வேண்டும். சக்கரம் ஒரு முறை உருண்டால் ஏறத்தாழ 2.1 மீட்டர் போகும் என்று கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு 635 முறை சுற்ற வேண்டும். ஆக்சில் விகிதம் 4.5 என்றால், நேரடி நான்காவது கியரில் இன்ஜின் 2850 சுற்றில் ஓடும். பெட்ரோலுக்கு அது சாதாரணம். நிமிடத்துக்கு 4000 சுற்றை ஒட்டி மூச்சு முட்டும் டீசலுக்கு அது இரைச்சலான இடம். 0.85 விகிதமுள்ள ஐந்தாவது கியர் இருந்தால் அதே வேகத்தில் 2430 சுற்று. திருச்சி வரைக்கும் பேசிக்கொண்டே போகலாமா, கத்திக்கொண்டே போக வேண்டுமா என்பதை நிர்ணயிப்பது இந்த 400 சுற்று.

## மூக்கில் எடை, காலில் பிரேக்

2.5 லிட்டர் டீசலும் அதன் டர்போவும் கியர் பாக்ஸும் சேர்ந்தால் முன்பக்கத்தில் 50 கிலோவுக்கு மேல் கூடுவது சாதாரணம். அம்பாசிடரின் முன் சஸ்பென்ஷனைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங் அல்ல. நீளவாக்கில் ஓடும் முறுக்குக் கம்பிகள். மூக்கு தாழ்ந்தால் இந்தக் கம்பியைக் கூடுதலாக முறுக்கி உயரத்தை மீட்கலாம். உயரம் வரும், எடை அப்படியேதான் இருக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தால் தோள் சொல்லிவிடும்.

இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியே எலும்பு. இன்ஜின் மவுண்டிங் பற்றவைக்கப்படும் இரும்புப் பெட்டிக்குள் துரு இருக்கிறதா என்று சுத்தியால் தட்டிப் பார்க்காமல் அங்கே வெல்டிங் வைப்பது, அரித்த உத்தரத்தில் ஊஞ்சல் கட்டுவதற்குச் சமம். டீசலின் அதிர்வு அந்த இடத்தைத்தான் நாள் முழுக்க உலுக்கும்.

இனி பிரேக். பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரத்திலும் டிரம், அழுத்துவதற்குக் கால் பலம் மட்டும்தான். இரட்டிப்பு இழுவையுள்ள வண்டிக்கு முன்னால் டிஸ்க்கும் பூஸ்டரும் வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. பெட்ரோல் இன்ஜின் ஆக்சிலரேட்டரை மூடும்போது உறிஞ்சு குழாயில் வெற்றிடம் உண்டாகும். பூஸ்டர் அந்த வெற்றிடத்தை வைத்துத்தான் காலுக்கு உதவுகிறது. டீசலில் காற்றுக்குத் தடை இல்லை என்று முன்பே பார்த்தோம். தடை இல்லாவிட்டால் வெற்றிடமும் இல்லை. எனவே தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். பல ஜப்பானிய டீசல்களில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் கைப்பிடி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு ஆயில் குழாய் போகும், ஒன்று திரும்பும். இன்ஜின் வாங்கும்போது 'ஆல்டர்னேட்டர் பழசு, வேற போட்டுக்கலாம்' என்று சாதாரண ஆல்டர்னேட்டரை மாட்டிவிட்டால் பேட்டரி சார்ஜ் ஏறும், ஹெட்லைட் எரியும், எல்லாம் சரியாகவே தெரியும். முதல் இறக்கத்தில் இரண்டு மூன்று தடவை மிதித்தபின் பெடல் கல்லாகிவிடும்.

## சூடு, எரிபொருள், மின்சாரம்

இவை சின்னச் சின்ன வேலைகள். ரேடியேட்டரைப் பெரிதாக்க வேண்டும். இன்டர்கூலருக்குக் காற்று படும் இடம் ஒதுக்க வேண்டும். அம்பாசிடரின் அகன்ற மூக்கில் அது கஷ்டமில்லை. டீசல் பம்புக்குப் போன டீசலில் மிச்சம் டேங்குக்குத் திரும்பி வரும் என்பதால் இன்னொரு குழாய் வேண்டும். முப்பது, நாற்பது வருடத் துருவும் கசடும் படிந்த பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவாமல் டீசல் ஊற்றினால் ஃபில்டரும் நாசிலும் பலியாகும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். பெட்ரோல் காரின் சிறிய பேட்டரி டீசல் ஸ்டார்ட்டருக்குப் போதாது. 75, 80 ஆம்பியர் மணி அளவுக்குப் போக வேண்டும். டைனமோ வைத்த மிகப் பழைய மாடல் என்றால் சார்ஜிங் வயரிங் முழுக்கப் புதிது.

ஒரு ஆபத்தை மட்டும் நின்று சொல்ல வேண்டும். டர்போவின் ஆயில் சீல் போய்விட்டால் இன்ஜின் ஆயிலே காற்றோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். டீசல் இன்ஜினுக்கு அதுவும் எரிபொருள்தான். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டீசலை நிறுத்தினாலும் நிற்காது. சுற்று ஏறிக்கொண்டே போய், ஆயில் தீர்ந்தால் அல்லது இன்ஜின் உடைந்தால்தான் அடங்கும். வண்டி கியரில் இருந்தால் பிரேக்கை முழுக்க மிதித்து, மேல் கியரில் கிளட்ச்சை விட்டு இன்ஜினைத் திணறடிக்கலாம்; இல்லையென்றால் காற்று போகும் வாயைப் பலகை போன்ற கெட்டியான பொருளால் அடைக்க வேண்டும், கையால் அல்ல. பழைய பொருள் கடையில் வாங்கிய டர்போவின் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்காமல் மாட்டக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

## காசு மிச்சமாகுமா?

டீசல் மோகத்துக்கு இந்தியாவில் அடிப்படைக் காரணம் விலை. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்குக் கீழே இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீங்கியது. அதன்பிறகு இடைவெளி சுருங்கி, சென்னையில் லிட்டருக்கு 10 ரூபாய்க்குள் வந்து நின்றது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெட்ரோல் அம்பாசிடர் லிட்டருக்கு 9 கிலோமீட்டர், டர்போ டீசல் வைத்தபின் 14 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50 என்றும் கொள்வோம். வருடம் 5000 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 56,000 ரூபாய், டீசலுக்கு 33,000. மிச்சம் 23,000. இன்ஜின், கியர் பாக்ஸ், பிரேக், ரேடியேட்டர், லேத், வெல்டிங், கூலி எல்லாம் சேர்த்து 3 லட்சம் ஆனது என்றால் போட்ட காசு திரும்ப 13 வருடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து வருடத்துக்கு 2000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 30 வருடத்துக்கு மேல். சிக்கனம் என்ற காரணத்தை இத்தோடு மூட்டை கட்டிவிடலாம். ஆசைக்காகச் செய்கிறேன் என்பவரிடம் வாதம் கிடையாது.

## ஆர்.சி. புத்தகம் சொல்வதும் பானட்டுக்குள் இருப்பதும்

ஆர்.சி.யில் இன்ஜின் எண், எரிபொருள், சி.சி. மூன்றும் இருக்கின்றன. பெட்ரோலை எடுத்துவிட்டு டர்போ டீசல் வைத்தால் மூன்றும் ஒரே நாளில் பொய்யாகின்றன.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. பிரிவுக்குள்ளேயே ஒரு விலக்கு உண்டு: வேறு எரிபொருளில் ஓட மாற்றுக் கருவித் தொகுதியைப் பொருத்தலாம், விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி மாற்றங்கள் நடப்பது இந்த வாசல் வழியாக. இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜின் அந்த வாசலில் நுழையக்கூடிய 'கருவித் தொகுதி' அல்ல.

பழுதான இன்ஜினுக்குப் பதில் அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினைப் பதிவு அதிகாரியின் அனுமதியோடு மாற்றிப் புதிய எண்ணை ஏற்றுவது வேறு விஷயம். பலரும் இதையும் அதையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். அனுமதி இல்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

'யார் வந்து பானட்டைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்?' என்பது அடுத்த கேள்வி. பார்ப்பார்கள், மூன்று இடங்களில்.

1. புகைச் சான்று. மையத்தின் கணினி, வாகனத் தரவுத்தளத்திலிருந்து எரிபொருளை எடுத்துக்கொள்கிறது. திரையில் பெட்ரோல் என்று வரும். பைப்பிலிருந்து டீசல் புகை வரும். பெட்ரோலுக்கு அளப்பது கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரோகார்பனும். டீசலுக்கு அளப்பது புகையின் கருமை, பழைய வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரை. கருவியே வேறு.

2. பதிவுப் புதுப்பிப்பு. 15 வருடம் முடிந்த சொந்தக் காரை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அப்போது இன்ஜின் எண்ணைப் பார்ப்பார்கள்.

3. விபத்து. காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் முதலில் சரிபார்ப்பது சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும். பாலிசி எழுதப்பட்டது 1489 சி.சி. பெட்ரோல் காருக்கு. சொந்தச் சேதத்துக்கான கோரிக்கையை மறுக்க இதைவிட வசதியான காரணம் அவர்களுக்குக் கிடைக்காது.

புதிய இன்ஜின் வைத்தால் காரின் வயதும் குறைந்துவிடும் என்று டெல்லி விவகாரத்தில் நிலவும் தவறான எண்ணத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். 2015ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்து, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த கட்டுப்பாடு, 10 வயதைத் தாண்டிய டீசலுக்கும் 15 வயதைத் தாண்டிய பெட்ரோலுக்கும் உரியது. அது 2025ல் மீண்டும் நீதிமன்றம் ஏறியது. ஆனால் அதில் வயது கணக்கிடப்படுவது வண்டியின் பதிவிலிருந்து; உள்ளே இருக்கும் இன்ஜின் எந்த வருடம் வார்க்கப்பட்டது என்பதிலிருந்து அல்ல. 1978 காரில் 2012 இன்ஜினை வைத்தால் கார் 2012க்கு வந்துவிடாது. தமிழ்நாட்டில் அப்படியொரு வயதுத் தடை இல்லை என்பது வேறு கதை.

உண்மையில் இழக்கப்போவது வேறொன்று. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் பதிவு சேர்க்கப்பட்டது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த கார், 20,000 ரூபாய் கட்டணம், 'வி.ஏ.' எழுத்துள்ள தனி எண் பலகை, 10 வருடம் செல்லுபடி. நிபந்தனை ஒன்றைத்தான் கூர்ந்து படிக்க வேண்டும்: வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும்; சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 1970களின் அம்பாசிடர்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாக அந்த 50ஐத் தொடுகின்றன. சந்தையிலும் சட்டத்திலும் அவற்றின் மதிப்பு கூடும் நேரத்தில்தான் பலர் அசல் இன்ஜினைக் கழற்றி எடைக்குப் போடுகிறார்கள்.

## டீசல் அம்பாசிடர்தான் வேண்டும் என்றால்

உத்தர்பாராவிலிருந்து டீசலாகவே வெளிவந்த, ஆர்.சி.யில் 'டீசல்' என்றே எழுதியிருக்கும் இசுசு 2 லிட்டர் அம்பாசிடரைத் தேடி வாங்குவது எல்லா வகையிலும் குறுக்கு வழி. பிரேக், கியர் பாக்ஸ், டேங்க், வயரிங் எல்லாம் ஏற்கெனவே அந்த இன்ஜினுக்கு ஏற்றபடி இருக்கும். இன்ஜின் போய்விட்டாலும் அதே வகையைத் தேடிப் பிடித்து, அனுமதி வாங்கி மாற்றலாம். 50 குதிரைத்திறன் சொச்சம்தான். முந்திச் செல்ல நினைப்பவருக்குப் பொறுமை வேண்டும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு வெளியிலிருந்து டர்போ மாட்டும் யோசனையும் வரும். பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. டர்போவோடு பிறந்த இன்ஜினுக்கு உள்ளேயே வேறு ஏற்பாடுகள் இருக்கும்.

பொதுச் சாலைக்கு வராமல், தனியார் இடத்தில் மட்டும் ஓட்டும் திட்ட வண்டி என்றால் மேலே சொன்ன காகிதக் கவலைகளில் பெரும்பகுதி இல்லை. அப்போதும் காரைப் பழைய நிலைக்குத் திருப்ப முடியும்படி வேலையைச் செய்யலாம். மவுண்டிங்கை பாடியில் பற்றவைக்காமல் போல்ட்டில் இருக்கும்படி அமைக்கவும். கழற்றிய பி.எம்.சி. இன்ஜினைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டாம். பிளக் துளைகள் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு மூடி ஆயில் விட்டு, துளைகளை அடைத்து, கார்புரேட்டரையும் டைனமோவையும் அதனுடனேயே கட்டி, தரையில் படாமல் மரக்கட்டை மேல் வைக்கவும். மாதம் ஒரு முறை கிராங்கை ஸ்பேனரால் அரைச் சுற்று திருப்பிவிட்டால் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளாது. ஆர்.சி.யில் இருக்கும் எண் பொறித்த தகடு அந்த பிளாக்கின் மேல்தான் இருக்கிறது.